கேள்வித்தாளோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த மூன்றரை வருஷம்

குற்றவியலிலோ சமூகப்பணியிலோ ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு, "குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் போலீசும் உதவி மையக்காரர்களும் எப்படிப் பார்க்கிறார்கள்" என்பது போன்ற தலைப்போடு யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர் யாராவது ஒரு மணி நேரம் பேசியிருந்தால் பாதிக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும். மூன்றரை வருஷம் போயிற்று. படிவம் அச்சடித்தது 9,600 ரூபாய், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 31,000, மொழிபெயர்ப்புக்கு 12,000, புள்ளிவிவரம் போட்டுத் தருகிறேன் என்றவருக்கு 18,000, சம்பளமில்லா விடுப்பு 3 மாதம். மொத்தத்தில் 1,30,000 ரூபாய்க்கு மேல் கைக்காசு. நிரப்பி வாங்கிய படிவங்களில் 148 எதற்கும் உதவாமல் வீட்டு அட்டாலியில் கிடக்கின்றன.

இந்தத் தலைப்புக்கு நான் வந்து சேர்ந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். 2012இல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பெருந்துறையைச் சுற்றி ஈமுக்கோழித் திட்டங்கள் ஊர் ஊராகப் பரவியிருந்த காலம். பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவார்கள், மாதாமாதம் பராமரிப்புக் காசு வரும் என்றார்கள். அப்பா அம்மாவின் நகையை அடகு வைத்து 1,50,000 கட்டினார். அந்த வருஷமே எல்லாம் கவிழ்ந்தது. ஈரோடு, கோவை, நாமக்கல் பக்கமெல்லாம் ஜனங்கள் புகார் மனுவோடு வரிசையில் நின்றார்கள். வழக்குகள் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போய், 1997ஆம் வருஷ முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோவை சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தன. அது பிற்பாடு. முதல் நாள் அப்பாவோடு நானும் மனு கொடுக்கப் போயிருந்தேன். மனுவை வாங்கியவர் தலை நிமிரவில்லை. "உட்கார்ந்த இடத்துல காசு வரணும்னா இப்படித்தானுங்க. உங்க பேராசைக்கு நாங்க யார் மேல கேஸ் போடறது?" என்றார். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில், "அவரு சொல்றதும் நெசந்தானே கண்ணு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த பிறகுதான் அந்த மேசைக்குப் பின்னாலிருந்த பார்வைக்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. நார்வேக் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் "லட்சியப் பாதிக்கப்பட்டவர்" என்று ஒன்றை எழுதினார். ஊர் முழுவதும் தயங்காமல் இரக்கப்படுகிற ஆள் யார்? உடம்பில் வலுவில்லாதவர், மரியாதையான வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர், இருக்கக் கூடாத இடத்தில் இல்லாதவர். அடித்தவன் பலசாலி, கெட்டவன், முன்பின் அறியாதவன். அவர் காட்டிய உதாரணம், உடம்பு சரியில்லாத சகோதரியைக் கவனித்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பும் வயதான அம்மாவை ஒருவன் அடித்துப் பணத்தைப் பறிப்பது. நம் ஊரில் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வருகிற ஆத்தாவின் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போவதைப் போல. ஈமுக்கோழியில் பணம் போட்ட விவசாயி இந்தக் கணக்கில் எங்கும் பொருந்த மாட்டார். தானே போய்ப் பணம் கட்டினார், லாபம் எதிர்பார்த்தார், வாங்கினவனோடு காபி குடித்தார். படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இன்னும் பின்னால் போனால், 1958இல் அமெரிக்கக் குற்றவியலாளர் மார்வின் வுல்ஃப்காங் பிலடெல்பியாவின் 588 கொலைகளை ஆராய்ந்து, 150இல் செத்தவரே முதலில் கை ஓங்கியிருந்தார் என்று காட்டியிருப்பார். கொலைகளைப் பற்றிய அந்தக் கணக்கை மற்றவர்கள் எடுத்து எல்லாக் குற்றத்துக்கும் நீட்டி, "நீ என்ன செய்தாய்" என்று பாதிக்கப்பட்டவரிடமே கேட்பதற்குப் படிப்பின் பலத்தைக் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். ஆனால் ஸ்டேஷனுக்குள் போகும்போது இவர்களின் பெயர்களை வாசலிலேயே விட்டுவிடுங்கள். முதல் மாதம் ஓர் இன்ஸ்பெக்டரிடம் நான் கிறிஸ்டியைப் பற்றி விளக்கியபோது, அவர் என்னைத் தம்மைக் குறை சொல்ல வந்தவளாகவே பார்த்தார். அந்த ஸ்டேஷன் கதவு எனக்கு அதன்பிறகு திறக்கவே இல்லை.

அடுத்தது அனுமதி. 2023 ஜனவரியில் முதல் கடிதம் கொடுத்தேன், ஆகஸ்டில் பதில் வந்தது. கல்லூரிக் கடிதத்தை நேராக ஸ்டேஷனுக்கே கொண்டு போனதுதான் தப்பு. ஸ்டேஷனில் யாரும் தானாகப் பேச முடியாது, மேலிருந்து தாள் வர வேண்டும். கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் மாநகருக்குக் கமிஷனர், புறநகருக்கு எஸ்.பி. என்று இரண்டு தனி வாசல்கள். ஒரு வாசலில் வாங்கிய அனுமதி அடுத்த வாசலில் செல்லாது. எந்த ஸ்டேஷன் எந்த எல்லையில் என்று பார்க்காமல் 2 மாதம் தவறான அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்தேன். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் சமூகநலத் துறையின் கீழ் வருவதால் அவற்றுக்கு அனுமதி வேறு வழி, மாவட்டச் சமூகநல அலுவலர் வழியாகக் கலெக்டர் அலுவலகம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று காத்திருந்ததில் எனக்கு அரை வருஷம் வீண். கடிதத்தோடு கேள்வித்தாளின் நகலையும், உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதலையும் இணையுங்கள். பெயர் கேட்க மாட்டேன், வழக்கு விவரம் கேட்க மாட்டேன் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். என் கடிதத்தில் அந்த வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது, அதுவரை யாரும் படிக்கவில்லை.

அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் 62 படிவங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்த ராத்திரிதான் நான் முதன்முதலாக அழுதது. அமெரிக்க ஆராய்ச்சிகளில் "விக்டிம் அட்வகேட்" என்று ஒரு வேலை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பக்கத்திலேயே இருந்து ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கூட வருகிறவர், வக்கீல் அல்ல. 12,000 ரூபாய் வாங்கிய மொழிபெயர்ப்பாளர் அதைப் "பாதிக்கப்பட்டோர் வழக்கறிஞர்" என்று போட்டிருந்தார், நானும் கவனிக்கவில்லை. அத்தனை போலீஸ்காரர்களும் வக்கீல்களைப் பற்றிய தங்கள் கோபத்தையெல்லாம் என் படிவத்தில் கொட்டியிருந்தார்கள். நம் ஊரில் அந்த வேலையை ஒரே பெயரில் யாரும் செய்வதில்லை. சேவை மையத்தின் கேஸ் வொர்க்கர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் 2020 போக்சோ விதிகள் சொல்லும் சப்போர்ட் பெர்சன் என்ற துணையாள், சில சமயம் மகளிர் சங்கத்து அக்கா. ஒவ்வொருவரையும் அவரவர் பெயரிலேயே கேட்க வேண்டும். மொழிபெயர்த்த படிவத்தை அந்த வேலையில் இருக்கிற 2 பேருக்காவது வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லே ஸ்டேஷனில் கிடையாது என்பது இன்னொன்று. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. மனு கொடுக்கும்வரை அவர் "பெட்டிசன் பார்ட்டி". மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்த பிறகும் பார்ட்டிதான். அவரை அடித்தவர் "எதிர்ப் பார்ட்டி". "ரெண்டு பார்ட்டியையும் சாயங்காலம் வரச்சொல்லு" என்றால் அடிபட்டவரும் அடித்தவரும் ஒரே தராசில் ஏறிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு "டிஃபாக்டோ", அதாவது புகார்தாரர், ஆகிவிடுகிறார். சட்டப் புத்தகத்திலேயே பாதிக்கப்பட்டவர் என்பதற்கு விளக்கம் சேர்ந்தது 2009 டிசம்பர் 31இலிருந்துதான், ஐ.நா. அவர்களுக்கான நீதிப் பிரகடனத்தை 1985இலேயே கொண்டுவந்தும். எந்தக் கேள்வித்தாளும் தராத விஷயத்தை எனக்குக் கொடுத்தது, ஸ்டேஷனில் அவரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துவைத்த ஒரு பழைய 40 பக்க நோட்டு. நான் அதை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் 86 படிவங்கள் வீணாயின. ஓர் அதிகாரி அன்பாக, "மேடம், நீங்க எதுக்கு அலையறீங்க, கட்டைக் குடுத்துட்டுப் போங்க, நான் நிரப்பி வாங்கி வெச்சுடறேன்" என்றார். மனிதர் நல்லவர், எனக்கு உதவுவதாகவே நினைத்தார். ஒரு வாரம் கழித்து வந்த கட்டில் முக்கால்வாசி 2 பேனா, 2 கையெழுத்து. "பாதிக்கப்பட்டவர் சொல்வதை முழுமையாக நம்புகிறேன்" என்பதற்கு எல்லோரும் முழு மதிப்பெண். மேலதிகாரி கைக்குப் போகும் தாளில் எந்தக் காவலர் மனசில் இருப்பதை எழுதுவார்? அடைத்த உறையில் அவர்களே போட்டு உங்கள் கையில் தரும்படி செய்யுங்கள், இல்லையென்றால் படிவமே வேண்டாம். போகிற நேரமும் முக்கியம். காலையில் காவலர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ரோல்கால் நேரத்திலும் கோர்ட் நாளிலும் பண்ணாரி குண்டம் மாதிரி பெரிய நோம்பிப் பந்தோபஸ்து வாரத்திலும் போகவே போகாதீர்கள். எனக்குச் சரிப்பட்ட நேரம் மதியம் 3 மணிக்கு மேல், ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் டீக்கடை. போனில் பதிவு செய்ய அனுமதி கேட்ட அன்றைக்கெல்லாம் பேச்சு நின்றுபோனது. அதனால் பதிவு செய்வதையே விட்டுவிட்டு, பஸ் ஏறியதும் நினைவிலிருந்து எழுதினேன்.

இதற்கு நடுவில் 2024 ஜூலை 1 வந்தது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய்ப் புதியது வந்த நாள். அதுவரை 154 என்று நான் அச்சடித்து வைத்திருந்த எஃப்.ஐ.ஆர். பிரிவு ஒரே நாளில் புதிய சட்டத்தின் 173 ஆயிற்று, இழப்பீட்டுக்கான 357ஏ 396 ஆயிற்று. காவலர்களே கைப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கேள்வித்தாளில் பிரிவு எண் போடாமல், "புகார் பதிவு", "இழப்பீடு" என்று பெயரால் எழுதுங்கள்.

மூன்றாவது சுற்றில் அளவுகோலையே தூக்கிப்போட்டுவிட்டு 4 சின்னக் கதைகளோடு போனேன். சங்கிலி பறிகொடுத்த ஆத்தா, புருஷன் அடிக்கிற மில் தொழிலாளிப் பெண், திருப்பூரில் சம்பள நாளன்று பணம் பறிகொடுத்த ஒடிசாப் பையன், கூட்டுப் பண்ணைத் திட்டத்தில் பணம் போட்ட விவசாயி. கதையை வாசித்துவிட்டு, "இவர் உங்க ஸ்டேஷனுக்கு வந்தா முதல் கேள்வி என்னங்க கேப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆத்தாவுக்கு எல்லோரும் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மில் பெண்ணுக்கு, "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?" ஒடிசாப் பையனுக்கு, "தண்ணி போட்டிருந்தானா?" விவசாயிக்கு எனக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வி. ஒரே ஆள் ஒரே நாளில் நாலு மனிதராக மாறுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

என் கோபத்தைத் திருப்பிப்போட்டவர் ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கியிருந்த ஒரு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர். இரண்டாவது டீ வந்தபோது அவராகவே சொன்னார்: "அம்மணி, நீங்க அந்தப் பொண்ணு அழுகறதைப் பார்க்கறீங்க. நான் அவளைக் கூண்டுல நிக்க வெச்சுப் பார்க்கறேன். எதிர்க்கட்சி வக்கீல் என்னென்ன கேப்பானோ அதை இப்பவே நான் கேட்டுப்போடறேன். அவ பதில் சொல்லிட்டாள்னா கேஸ் நிக்கும்." அவர் பார்வையில் அது கரிசனம். கேட்கப்பட்டவளுக்கு அது முதல் குறுக்கு விசாரணை. அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா கேம்ப்பெல் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களையும் அவர்களை விசாரித்த போலீஸ்காரர்களையும் பார்த்த டாக்டர்களையும் தனித்தனியாகக் கேட்டிருந்தார். நடந்தது என்ன என்பதில் இரு தரப்பும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். அது அந்தப் பெண்ணை எவ்வளவு நோகடித்தது என்பதைத்தான் போலீசும் டாக்டரும் குறைத்தே நினைத்திருந்தார்கள். அடுத்த வருஷமே அவர் வெளியிட்ட இன்னொன்றில், 81 பெண்களை வைத்து, உதவியாளர் கூட இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களையும் இல்லாத ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களையும் ஒப்பிட்டார். கூட ஆள் இருந்தவர்களின் புகார்கள் அதிகம் பதிவாயின, அவர்கள் மனம் நோகும்படி நடத்தப்பட்டதும் குறைவு. ஆகவே இதைப் படிக்கிற நீங்கள் ஆராய்ச்சியாளரே இல்லை, புகார் கொடுக்கப் போகிறவர் என்றாலும் ஒன்று சொல்கிறேன்: தனியாகப் போகாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100, பெண்களுக்கான 181, இரண்டும் இலவச எண்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

சேவை மையங்களில் இரக்கத்தையே எதிர்பார்த்துப் போனேன். இரக்கம் இருந்தது, அதோடு சலிப்பும் இருந்தது. ஒப்பந்தச் சம்பளத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற ஒரு தங்கை சொன்னதை அப்படியே தருகிறேன்: "அக்கா, இங்க அஞ்சு நாள் தங்க வெக்கலாம். ஆறாம் நாள் போக எடமில்லாம அதே வீட்டுக்குத்தான் போகுது. நாங்களே பஸ் ஏத்தி விடறோம். ஒரு மாசம் கழிச்சு மறுபடி காயத்தோட வந்து நின்னா, அது மேல கோபம் வருதுக்கா. ஏன் போனேன்னு கேட்டுப்போடறேன். நாங்கதானே ஏத்தி விட்டோம்." இதைச் சொல்லிவிட்டு ரிஜிஸ்டரை மூடி வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் ஒரு மாதிரி, உதவுகிறவர்கள் வேறு மாதிரி என்று நான் என் ஆராய்ச்சித் திட்டத்தில் எழுதியிருந்த ஊகம் அந்த அறையிலேயே கரைந்துபோனது. போக வழியில்லாதபோது யாருக்கும் எதிரில் இருப்பவர் மேல்தான் கோபம் திரும்புகிறது.

கேட்டதெல்லாம் என் உடம்பிலும் ஏறியது. 2024 ஐப்பசியில் தொடர்ந்து 3 வாரம் தூக்கமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆண் உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன். பிறர் துயரத்தை விடாமல் கேட்பவர்களுக்கு இப்படி ஆகும் என்று 1990இலிருந்தே எழுதியிருக்கிறார்கள், நானே அதை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டியிருந்தேன். எனக்கு நடக்கும் என்றுதான் நினைக்கவில்லை. வாரத்துக்கு 2 மையங்களுக்கு மேல் போகாதீர்கள். மனநல ஆலோசகர் ஒருவரைக் களத்தில் இறங்குவதற்கு முன்பே பார்த்து வையுங்கள், அந்தச் செலவையும் திட்டத்தில் சேருங்கள். நான் கடைசியில் போனபோது 6 முறைக்கு 4,800 ரூபாய் ஆயிற்று. மேலே சொன்ன கணக்கில் அதை நான் சேர்க்கக்கூட இல்லை.

ரகசியம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் தரப்பிலிருந்தே வெளியே வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு அறிவித்தது. தீர்ப்பு வந்த சாயங்காலம்கூட எங்கள் ஊர் மளிகைக் கடையில், "அந்தப் புள்ளைக ஏன் போச்சுக?" என்றுதான் பேச்சு. ஆகவே உங்கள் நோட்டில் ஊர் பெயர், மில் பெயர், சாதி எதுவும் வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. "எதையும் வெளியே சொல்ல மாட்டேன்" என்று யாருக்கும் முழு வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் உங்களுக்குத் தெரியவந்தால் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். நான் முதல் சுற்றில் எழுதவில்லை. ஒருவர் பேச்சை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திய ஒரு மதியம் இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்த 4 கதைகளையும் களத்துக்குக் கொண்டு போவதற்கு முன் வீட்டில்தான் சோதித்தேன். அம்மா, சித்தப்பா, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எல்லோரும் ஆளுக்கொரு தாள் வாங்கினார்கள். அந்தத் தாளில் மட்டும், "இவருக்கு நேர்ந்ததில் இவர் தவறு எவ்வளவு?" என்று 1 முதல் 5 வரை கட்டம் இருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆத்தாவுக்கு 1. மில் பெண்ணுக்கு 1. ஒடிசாப் பையனுக்கும் 1, "பாவம், எங்கிருந்தோ வந்த பையன்" என்றார். விவசாயிக்கு 5 போட்டு, பேனாவை மூடி, "செரியாப் போட்டிருக்கனா அம்மணி?" என்று நீட்டினார்.

அன்றைக்குப் பஸ்ஸில் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அப்போது சொன்னேன். 17 வயதில், என் கூடப் படித்தவர்கள் கோவையில் பெரிய கல்லூரிக்குப் போகும்போது நான் போக முடியாமல் ஆனதற்கு அப்பாவின் பேராசைதான் காரணம் என்று வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்தேன் என்று சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன், குரல் சரியாக வரவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு" என்றார். பிறகு, கரண்ட் வந்திருக்கும், மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து தோட்டத்துக்குப் போனார்.